நாலு பேருக்கு மேல் இல்லை

"காது அடைக்குது. இந்தத் தடவையும் நான் தண்ணியில எறங்கல்ல" என்று, வீட்டில் வெங்காயம் தீர்ந்துபோனதைச் சொல்கிற குரலில் சொல்லிவிட்டு சுதர்சினி வேனில் ஏறிவிட்டாள்.

"எறங்கல்லன்னா எப்படி? சனிக்கிழமை நாலு பேர் வர்றாங்க சுதா."

"நானும் வருவேன். போட்ல இருப்பேன். தண்ணிக்குள்ள நிலாவெளி ரிப்கா கூட்டிட்டுப் போவா. அவகிட்ட பேசிட்டேன். இப்ப டொக்டரப் பாத்துட்டு சாயந்தரம் வந்துருவேன். நீங்க சும்மா இருங்க."

வேனை ஓட்டுகிற லாபிர் நானா திவாகரனைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வழக்கத்துக்கு மாறாக ஹோர்ன் அடிக்காமல், ரோட்டில் இருந்த குழிகளையெல்லாம் சுற்றிக்கொண்டு, மெல்ல மெல்ல மேட்டை விட்டு இறங்கினார்.

சும்மா இரு என்று சொன்னால் இருக்கிற ஆளா திவாகரன்?

கண்டியில் கடல் கிடையாது. இது திவாகரனுக்கும் தெரியும். இருந்தும் அம்பிட்டிய மேட்டில் அவன் வீட்டு கேட்டில் ஒரு பலகை தொங்கியது. நீல நிறத்தில் ஓர் ஆமை. அதன் கீழே, 'கடலடிப் பயணங்கள். லைசன்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும். நாலு பேருக்கு மேல் இல்லை.' போகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள், பலகையைப் பார்ப்பார்கள், கடைசியில் திவாகரனைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். ஆனால் தொழில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏற்கெனவே டைவ் பழகி லைசன்ஸ் எடுத்தவர்களை வேனில் ஏற்றி, திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்குக் கொண்டுபோவார்கள். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அவர்கள் இறங்க, முன்னால் சுதர்சினி வழிகாட்டிப் போவாள். பவளப்பாறைக்குள் எந்த மூலையில் எந்த மீன் குடியிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

நாலு பேர் சட்டம் பிறந்த கதையை மட்டும் திவாகரன் யாரிடமும் சொல்வதில்லை. அவனிடமும் லைசன்ஸ் உண்டு. ஒரு தடவை ஐந்தாவது ஆளாக அவனும் கூட இறங்கினான். பாறையடியில் பெரிய ஆமை ஒன்று தூங்கிக்கொண்டிருந்ததை முதலில் கண்டது அவன்தான். கண்டதை மற்றவர்களுக்குச் சொல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. தண்ணீருக்குள் எப்படிச் சொல்வது? கையை ஆட்டினான், காலை உதைத்தான், சிலிண்டரைத் தட்டினான். மணல் கிளம்பி எல்லாம் இருண்டது. தெளிந்தபோது ஆமை இல்லை. கரைக்கு வந்ததும் சுதர்சினி, "இனிமே நாலு பேர்தான். அஞ்சாவது ஆளுக்கு போட்" என்றாள். அன்று போட்டில் ஏறியவன் இன்னும் இறங்கவில்லை.

தரையிலும் அவன் அப்படித்தான். அவனிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் தனியாக நோட்டீஸ் அடிக்க வேண்டியதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. மனசில் இருப்பது வாயில் வந்து நின்றுகொண்டு தொந்தரவு செய்யும், அவ்வளவுதான்.

இப்போதும் அதுதான் தொந்தரவு செய்தது. வழிகாட்டி மாறியதை வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதுதானே மரியாதை? நாலு பேருக்கும் தலைவி மாதிரி இருப்பவர் தர்ஷனா. யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் வங்கி அதிகாரி. எப்போதும் சுதர்சினியோடுதான் பேசுவார். திவாகரன் போனை எடுத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'டைவ்' என்ற சொல் திவாகரனுக்குப் பிடிக்காது. நல்ல தமிழில் முழுகுவது என்பான். "காலையில ஒருக்கா முழுகுறோம், பாண் சாப்பிட்டுட்டு இன்னொருக்கா முழுகுறோம்." வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லுக்கு ஊரில் வேறு அர்த்தம் இருப்பதே அவன் காதில் விழாமல் போய்விட்டது.

"மெடம், சுதர்சினியோட ஹஸ்பண்ட் பேசுறேன். ஒரு சின்ன விஷயம். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"சுதர்சினி முழுகாம இருக்கா."

"உண்மையாவோ?" என்றார் தர்ஷனா.

"உண்மைதான் மெடம். காலையிலதான் எங்கிட்டயே சொன்னா."

"எத்தினை மாசம்?"

திவாகரன் யோசித்தான். மே மாதம் சீசன் தொடங்கியபோது ஒரு தடவை இறங்கினாள். அதோடு சரி. "ரெண்டு, ரெண்டரை மாசமா இப்படித்தான் மெடம்."

"தண்ணிக்குள்ள மட்டும் இறங்க விடாதேங்கோ."

"சேச்சே. போட்லயே இருப்பா. ஒங்களுக்கு வருத்தம் இல்லையே?"

"என்ன வருத்தம் தம்பி? எனக்கு அழுகை வருது. அவவுக்கு நான் கேட்டனெண்டு சொல்லுங்கோ."

போனை வைத்த திவாகரன் நெகிழ்ந்துபோனான். காது அடைப்புக்கு அழுகிற வாடிக்கையாளர் யாருக்குக் கிடைப்பார்கள்?

நெகிழ்ச்சி ஒரு டீத்தண்ணி குடிக்கும் நேரம் நீடித்தது. பிறகு சனிக்கிழமைப் பயணத்துக்கான வட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. தொட்டில். தொட்டிலைச் சுற்றி ரோஜாப்பூக்கள். கீழே தர்ஷனா எழுதியிருந்தார்: 'எங்கட சுதர்சினி அம்மாவாகப் போறா.'

திவாகரன் படத்தைப் பார்த்தான். தான் சொன்ன வாக்கியத்தை வாய்க்குள் மெதுவாக ஒருதரம் சொல்லிப் பார்த்தான். சுதர்சினி முழுகாம இருக்கா. இரண்டாம் தரம் சொன்னபோது, சின்ன வயதில் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டு அக்காமாரைப் பற்றிப் பொம்பளைகள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்ட அதே வாக்கியமாக அது கேட்டது. கையிலிருந்த கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கதிரை மேல் வைத்தான். அடுத்த நிமிஷம் அந்தக் கதிரையிலேயே உட்காரப் போய் எழுந்துகொண்டான்.

கல்யாணமாகி ஏழு வருஷம். கல்யாண வீடு, சாவு வீடு, கோவில், பஸ் தரிப்பிடம், எங்கே போனாலும் சுதர்சினியிடம் அந்த ஒரு கேள்வி வரும். "என்னம்மா, ஏதும் விசேஷம் உண்டா?" அவள் சிரித்துச் சமாளித்துவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்ததும் பேசமாட்டாள். ஒரு நாள் நிலாவெளியில் ஈர உடம்போடு போட்டில் ஏறி உட்கார்ந்து, "தண்ணிக்குக் கீழ மட்டும்தாங்க யாரும் அத கேக்கறதில்ல" என்றாள். அன்று திவாகரனுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வாழ்க்கையில் அவன் வாய் அடைத்தது அந்த ஒரு தடவைதான். இப்போது அதே வாயால், இல்லாத விசேஷத்தை ஊருக்கு அறிவித்துவிட்டான். நாளைக்கு அது பொய் என்று தெரியும்போது ஊர் அவனையா கேட்கும்? அவளைத்தான் கேட்கும்.

அவள் அந்தத் தொட்டிலைப் பார்க்கக் கூடாது. எப்படியாவது சாயந்தரத்துக்குள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும்.

குரூப்பில் சுதர்சினியும் இருந்தாள். திவாகரன் அவளைக் குரூப்பிலிருந்து தூக்கினான். தூக்கிய சூட்டோடு அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. 'என்ன ஏன் குரூப்ல இருந்து எடுத்தீங்க?'

திவாகரன் வியர்த்து விறுவிறுத்து, 'நாலு பேருக்கு மேல் கூடாது' என்று எழுதி அனுப்பினான். அங்கிருந்து ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது.

அடுத்தது தர்ஷனா.

"மெடம், நான் சொன்னது அந்த அர்த்தத்துல இல்ல. சுதர்சினிக்கு ஒன்னும் இல்ல. நல்லா முழுகுறா."

"அப்ப சனிக்கிழமை அவவோ தண்ணிக்குள்ள கூட்டிக்கொண்டு போறா?"

"இல்ல மெடம், அவ எறங்க மாட்டா."

"ஏன்?"

"காது."

தர்ஷனா குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "எனக்கு விளங்குது தம்பி. மூண்டு மாசம் முடியும் வரைக்கும் வெளியில கதைக்கக் கூடாதெண்டு வீட்டில பேசியிருப்பினம். உங்களுக்கு வாய் தவறிட்டுது. நான் ஆருக்கும் சொல்லேல்லை. குரூப்பில இருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான்."

குரூப்பில் இருக்கிற ஆக்களில் ஒருவர் நடராஜா. கண்டி மாநகரசபையில் வேலை. ஐம்பது வயதில் டைவ் பழகி லைசன்ஸ் எடுத்து, அதை அடையாள அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிபவர். அவருக்குத் தெரிந்தால் அவர் மனைவி சீதாவுக்குத் தெரியும். சீதாவுக்குத் தெரிந்தால் கண்டியில் தமிழ் பேசுகிற வீடு ஒன்று மிச்சமிருக்காது. திவாகரன் ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்துக்கொண்டு டவுனுக்குப் பறந்தான்.

மாநகரசபைக் கந்தோரில் நடராஜா அவனைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர்கள் கைகொடுத்தார்கள்.

"அண்ணே, ஒரு நிமிஷம் கேளுங்க. சுதாவுக்குக் காது அடைப்பு. அவ்வளவுதான்."

"இருக்கும் தம்பி. எங்க வீட்டுலயும் மூத்தவன் தங்கினப்ப சீதாவுக்குக் காதுதான் மொதல்ல அடைச்சுச்சு."

"அது வேற அண்ணே. இது தண்ணி அழுத்தம். போன தடவை போட்ல வாந்தி கூட எடுத்தா."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கு உறைத்தது. நடராஜா பக்கத்து மேசையைப் பார்த்துச் சிரித்தார்.

"அலை அண்ணே. அன்னைக்குக் கடல் மோசம்."

"நீங்க எடுத்தீங்களா வாந்தி?"

"இல்ல."

"நான் எடுத்தேனா?"

"இல்ல."

"அப்புறம் என்ன அலை? சந்தோஷத்த மறைக்காதீங்க தம்பி. மறைச்சா மொகம் காட்டிக்கொடுத்துரும். ஒங்க மொகத்தப் பாருங்க, எப்படி இருக்கு."

திவாகரனின் முகம் உண்மையில் அழுகிற நிலையில் இருந்தது. "சீதா அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றான்.

"அவ கோவிலுக்குப் போயி மதியப் பூசையில அர்ச்சனையே வெச்சிட்டாளே. சுதர்சினி நட்சத்திரம் தெரியாம, சாமி பேருக்கே வெச்சாளாம். ஐயர் விவரம் கேட்டு, மைக்குலயும் ஒரு வார்த்த சொன்னாராம்."

மைக்கில் போனதைத் திரும்பக் கூப்பிட முடியாது. திவாகரன் டவுனில் நின்று இரண்டு தடவை கோவில் பக்கம் நடந்தான், இரண்டு தடவை திரும்பினான். ஐயரைக் கண்டு மறுப்பு அறிவித்தல் சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்தான். 'சுதர்சினி முழுகுகிறாள்' என்று மைக்கில் கேட்பதை நினைத்ததும், கோவில் பக்கமே பார்க்காமல் வீட்டுக்கு வண்டி பிடித்தான்.

வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து மாமியார் பாப்பம்மா வந்திருந்தார். மேசை மேல் முருங்கைக்கீரைக் கட்டு, ஒரு பை மாங்காய், வைக்கோலில் பொதிந்த நாட்டுக்கோழி முட்டைகள்.

செய்தி ஹுன்னஸ்கிரிய மலை ஏறி, இந்த மனுஷி பஸ் பிடித்து, தெல்தெனியவில் மாறி, வந்து அடுப்பும் பற்றவைத்தாயிற்று. இத்தனையும் எப்படி இவ்வளவு சீக்கிரம் நடந்தது என்று கணக்குப் பார்க்கிற நிலையில் அவன் இல்லை. ஏழு வருஷமாக இந்தப் பொம்பளை போகாத கோவில் இல்லை, கட்டாத மஞ்சள் துணி இல்லை. மற்றவர்களை விடுவோம். இவருக்குப் பொய்யான நம்பிக்கை கொடுத்த பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

"வாங்க மாப்பிள்ள. என்ன மொகம் வாடிக் கெடக்கு?"

"அத்தை, நீங்க கேள்விப்பட்டது பொய்."

"நான் என்னத்தக் கேள்விப்பட்டேன்?"

"சுதா முழுகாம இருக்கான்னு."

பாப்பம்மாவின் கை கீரைக் கட்டு மேல் அப்படியே நின்றது. "ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"எனக்கு யாரும் சொல்லல்ல அத்தை. நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். கடல்ல எறங்கலங்கிறதத்தான் அப்படிச் சொன்னேன். அவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க. என்ன மன்னிச்சிருங்க."

பாப்பம்மா மருமகனை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தார். முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். திவாகரன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு தாயின் கண்ணீரைப் பார்க்கிற தைரியம் அவனுக்கு இல்லை.

"சரி மாப்பிள்ள" என்றார் பாப்பம்மா, குரல் ஒரு மாதிரி நடுங்க. "பொய்யின்னா பொய்யாவே இருக்கட்டும். இந்த முட்டைய அலுமாரிக்குள்ள வைக்கவா, பிரிட்ஜ்ல வைக்கவா?"

நம்பவில்லை. நம்ப மனசு வரவில்லை. திவாகரன் வெளியே போனான், உள்ளே வந்தான், மறுபடி வெளியே போனான். கேட்டில் தொங்கிய ஆமையைப் பார்த்தான். அதுவும் அவனைப் பார்த்து ஓடத் தயாராக இருப்பதுபோல் தோன்றியது.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரத்துக்கு நடராஜாவும் சீதாவும் வந்து சேர்ந்தார்கள். சீதாவின் கையில் தட்டு. தட்டில் பூ, பழம், சேலை, அர்ச்சனைப் பிரசாதம். பாப்பம்மா அவர்களை உட்கார வைத்து டீத்தண்ணி கொடுத்தார். மூவரும் திவாகரனைப் பார்த்துப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"மாப்பிள்ள பொய்யின்னு சொல்றாரு" என்றார் பாப்பம்மா.

"எங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னாரு" என்றார் நடராஜா. "நாமளும் அப்படியே வெச்சுக்குவோம்."

கீழே ரோட்டில் வேன் சத்தம் கேட்டது.

திவாகரன் செருப்புகூடப் போடாமல் ஓடினான். மேட்டிலிருந்து இறங்கி, வளைவில் நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். லாபிர் நானா பூப்போல வேனை நிறுத்தினார். சுதர்சினி கண்ணாடியை இறக்கினாள்.

"என்னங்க இது, செருப்புகூட இல்லாம?"

"வீட்டுக்கு வராத சுதா. அங்க ஆள் இருக்கு. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

"நீ முழுகாம இருக்கன்னு தர்ஷனா மெடத்துக்கிட்ட சொல்லிட்டேன். கடல்ல எறங்கலங்கிற அர்த்தத்துலதான் சொன்னேன். சத்தியமா எனக்கு வேற அர்த்தமே தோணல்ல. இப்ப ஊரே வாழ்த்துது."

சுதர்சினி வேனின் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கெல்லாம் தெரியும்?"

"குரூப்புல இருக்கிற நாலு பேருக்கும். சீதா அக்காவுக்கு. நடராஜா அண்ணனோட கந்தோர்ல பக்கத்து மேசைக்காரங்களுக்கு. ஐயருக்கு. ஐயர் மைக்குல சொல்லிட்டாரு."

"அம்மாவுக்கு?"

"அத்தை வந்திருக்காங்க. பொய்யின்னு அவங்க கால்ல விழாத குறையா சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கிறாங்க. நீ எதுக்குத் தண்ணிக்குக் கீழ போறன்னு எனக்குத் தெரியும் சுதா. அந்தக் கேள்வி இல்லாத எடம் அது ஒன்னுதான் ஒனக்கு. நானே அந்தக் கேள்விய தட்டுல வெச்சு வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டேன். ஒன்னும் இல்லன்னு நானே போயி எல்லாருக்கும் சொல்றேன். நீ கொஞ்ச நேரம் இங்கயே இரு."

சுதர்சினி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. திவாகரனுக்கு உயிரே போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாக வேனிலிருந்து இறங்கினாள். துப்பட்டா நுனியால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"யாருக்கும் ஒன்னும் சொல்ல வேணாம்" என்றாள். "நாலு பேருக்கு மேல கூடாதுன்னு நீங்களே எழுதி அனுப்பினீங்களே. நானும் அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் மேட்டில் ஏறிப் போய்விட்டாள். ஏற்றத்தில் எப்போதும் இரண்டு எட்டாகத் தாவுகிறவள், இன்று ஒவ்வொரு அடியாக வைத்துப் போனாள்.

திவாகரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நானா, அவ அழுதாளா, சிரிச்சாளா?"

"ரெண்டும்தான் தம்பி."

"காது டொக்டர் என்னதான் சொன்னாரு?"

"எந்தக் காது டொக்டர்?" என்றார் லாபிர் நானா. வேனை மறுபடி ஸ்டார்ட் செய்துகொண்டே, மேலே கேட்டில் தொங்கிய பலகையைக் கண்ணால் காட்டினார். "ஸ்கேன்ல புள்ள நல்லா ஈக்குது எண்டு இண்டைக்கித்தான் செல்லியனுப்பினாங்க. அது வரைக்கும் டொக்டர், ஒங்கட மாமி, தங்கச்சி, நான், இந்த நாலு பேருக்கு மேல தெரியப்படாது, அஞ்சாவதா ஒங்கள எறக்கினா ஆமை ஓடிருமுண்டு தங்கச்சி செல்லிட்டா தம்பி."